மாவுக் கோழியும் மாய மீனும்

வோல்கோவ் ஆற்றங்கரையில் பொழுது சாய்ந்துகொண்டிருக்கிறது. தூண்டில்காரர் இரைப்பெட்டியைத் திறக்கிறார். மண்புழு இருக்கிறது, ஈப்புழு இருக்கிறது, மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் பிளட்வார்ம் என்று கேட்டு வாங்கும் சிவப்புப் புழு இருக்கிறது, மீன் சினையும் இருக்கிறது. பக்கத்துத் தட்டில் ஸ்பின்னர், ஸ்பூன் என்ற சின்னச் சின்னத் தகட்டுப் பொய் இரைகள் பளபளக்கின்றன. எதைக் கோர்ப்பது? நிதானமாக யோசிக்க நேரமில்லை. இந்த ஆற்றில் ஒரு முழு நாள் என்பது நம் கடிகாரத்தில் ஒரு மணி நேரம்தான். ஆறு, கரை, சாயும் பொழுது எல்லாமே ரஷ்யன் ஃபிஷிங் 4 என்ற கணினி விளையாட்டில் இருப்பவை.

அவர் தேடுவது சிக் மீன், ஆங்கிலக்காரர்களுக்கு ஒயிட்ஃபிஷ். சால்மன் குடும்பம், கோரிகோனஸ் பேரினம். குளிர்ந்து தெளிந்த நன்னீரில் வாழும் வெள்ளி நிற மீன். உறவுமுறையில் சால்மனுக்குப் பங்காளி என்றாலும் அதைப்போல வாய் நிறையப் பல் கிடையாது. வாய் சிறிது, உதடு மென்மை. அடிமண்ணில் மேயும் வகைகளுக்கு மூக்கு சற்றே முன்தள்ளி, வாய் கீழ்ப்பக்கமாகத் திறக்கும். செவுளைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே சீப்பின் பற்களைப்போல வரிசையாக முட்கள் தெரியும். அவை நெருக்கமாக இருந்தால் அந்த மீன் நீரில் மிதக்கும் சிற்றுயிர்களை வடிகட்டித் தின்பது என்று அர்த்தம். இடைவெளி விட்டிருந்தால் தரையில் புழுவும் சிறு நத்தையும் பொறுக்குவது. இரை எது என்ற கேள்விக்கு மீனின் உடம்பிலேயே பாதி விடை இருக்கிறது. சின்ன முள், மெல்லிய நரம்பு, சிவப்புப் புழு. இழுக்கும்போது கையில் பதற்றம் கூடாது. வெடுக்கென்று சுண்டினால் உதடு கிழிந்து மீன் போய்விடும்.

இந்த விடையைத் தேடிப் போகிறவர்கள் ஒரு ரகம். வேறொரு ரகமும் உண்டு. எந்த இடம், எத்தனை மீட்டர் தூரம், எந்த முள், எந்தப் புழு என்று இன்னொருவர் கண்டுபிடித்ததை அப்படியே வாங்கிக்கொண்டு, பிடித்த மீனைச் சந்தையில் போட்டு வெள்ளிக்காசாக்கி, அடுத்த தூண்டிலை வாங்குகிறவர்கள். விளையாட்டில் கஃபே ஒன்று இருக்கிறது. இன்ன மீன், இன்ன எடை என்று அங்கே ஆர்டர் தொங்கும். இந்த ரகத்தாருக்குச் சிக் மீன் என்பது அந்த ஆர்டரில் ஒரு வரி, அவ்வளவுதான். கனடாவில் வாழ்ந்த தத்துவப் பேராசிரியர் பெர்னார்ட் சூட்ஸ், 1978இல் வெளிவந்த 'வெட்டுக்கிளி' என்ற நூலில், விளையாட்டு என்பது தேவையில்லாத தடைகளை நாமாகவே ஏற்றுக்கொண்டு தாண்ட முயல்வது என்றார். அவர் கணக்குப்படி, தடையைத் தூக்கிப் போட்டுவிட்டு மீனை மட்டும் அள்ளுகிறவருக்கு மீன் கிடைக்கும், விளையாட்டு கிடைக்காது.

இதில் சமயத்துக்கும் தத்துவத்துக்கும் என்ன வேலை என்று கேட்கலாம். செத்தது எதுவுமில்லை. துடித்தது நிரலின் சில வரிகள். மின்சாரம் போனால் ஆறே போய்விடும். ஆனால் 'வெறும் விளையாட்டுதானே' என்ற சமாதானம் நிஜத் தூண்டிலுக்கும் காலங்காலமாகச் சொல்லப்பட்டு வந்ததுதான். இன்று சில நாடுகளில் அந்தச் சமாதானமே குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும். ஜெர்மனியின் விலங்குப் பாதுகாப்புச் சட்டம் முதுகெலும்புள்ள உயிரைக் கொல்லவோ நோகடிக்கவோ நியாயமான காரணம் வேண்டும் என்கிறது. உணவு ஒரு காரணம், பொழுதுபோக்கு காரணமாகாது. அதனால் பிடித்துப் படமெடுத்துவிட்டுத் தண்ணீரில் விடுவதற்காகவே மீன்பிடிப்பது அங்கே வழக்குக்கு இடமாகும். சுவிட்சர்லாந்தும் 2009 முதல், திருப்பிவிடும் நோக்கத்தோடு தூண்டில் போடுவதை அனுமதிப்பதில்லை. தின்பதற்காகப் பிடித்தால் சரி, கருணையோடு விட்டுவிடுவதற்காகவே பிடித்தால் தவறு! கேட்க விசித்திரமாக இருந்தாலும் இதில் ஒரு நேர்மை இருக்கிறது. மீனின் வாயில் முள் குத்தியது இரண்டிலும் நடக்கிறது. ஒன்றில்தான் அதற்குத் தேவை இருந்தது.

மீனுக்கு வலிக்குமா என்ற பழைய சண்டையும் இதற்குள் இருக்கிறது. 2003இல் உயிரியலாளர் லின் ஸ்னெடனும் அவருடைய சகாக்களும் வானவில் டிரவுட் மீன்களின் உதட்டில் தேனீ நஞ்சையும் அமிலத்தையும் செலுத்திப் பார்த்தார்கள். நஞ்சோ அமிலமோ ஏறியவை உடலை ஆட்டின. அமிலம் ஏற்றப்பட்டவை உதட்டைத் தொட்டித் தரையின் சரளையில் தேய்த்தன. இரை எடுக்க நெடுநேரம் தயங்கின. மனித மூளையின் புறணி போன்ற பகுதி மீனுக்கு இல்லாததால் அதை வலி என்று சொல்ல முடியாது என்று மறுப்பவர்களும் உண்டு. வழக்கு இன்னும் முடியவில்லை. சந்தேகத்தின் பலனை மீனுக்குக் கொடுத்தால், திரையில் தூண்டில் போடுவதுதான் உலகத்திலேயே சுத்தமான மீன்பிடி என்று ஆகிறது.

சமணர்கள் இந்தத் தீர்ப்பை அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அவர்களிடம் ஒரு மாவுக் கோழி இருக்கிறது.

தமிழின் ஐஞ்சிறுகாப்பியங்களில் ஒன்றான யசோதர காவியத்தின் கதை அது. சோமதேவ சூரி 959ஆம் ஆண்டு வடமொழியில் யசஸ்திலகமாக எழுதியதும், அதே நூற்றாண்டில் புஷ்பதந்தர் அபப்பிரம்சத்தில் பாடியதும் இதே கதைதான். உஞ்சயினி மன்னன் யசோதரன், தன் அரசி அமிர்தமதி யானைப்பாகன் ஒருவனிடம் மனம் போனதைக் கண்டுவிடுகிறான். தாயிடம் உள்ளதைச் சொல்ல நா எழாமல், கெட்ட கனவு கண்டேன் என்று மழுப்புகிறான். கனவுக்குப் பரிகாரமாகத் தேவிக்கு உயிர்ப்பலி கொடு என்கிறாள் தாய் சந்திரமதி. மாட்டேன் என்று மகன் மறுக்க, தாய் ஒரு நடுவழி சொல்கிறாள்: மாவில் ஒரு கோழி செய்து அதை வெட்டு. மன்னன் இணங்குகிறான். கோயிலில் வாளை ஓங்கி வெட்டுகிறான். உயிரில்லாத மாவுதான். ஆனால் தமிழ்க் காவியத்தில் அந்தக் கோழி வெட்டுப்பட்டு அலறி விழுகிறது.

பிறகு வருவதுதான் சமணத்தின் கண்டிப்பு. அரசி வைத்த நஞ்சில் தாயும் மகனும் சாகிறார்கள். மாவுக் கோழியை வெட்டிய வினை அவர்களைப் பிறவி பிறவியாகத் துரத்துகிறது. மன்னன் மயிலாகப் பிறக்கிறான், ஆடாகப் பிறக்கிறான், கடைசியில் கோழியாகவே பிறக்கிறான். இடையில் ஒரு பிறவியில் சிப்ரா ஆற்றில் மீனாகப் பிறந்து, பிடிபட்டுச் சமையலுக்குப் போகிறான். பொம்மைக் கோழிக்கு இவ்வளவு பெரிய தண்டனையா என்று இன்றைய வாசகருக்குத் தோன்றும். அன்றைய வாசகருக்கும் தோன்றியிருக்கும். அந்த அதிர்ச்சிக்காகத்தானே கதையே.

இதன் பின்னால் இருக்கும் தர்க்கம் வெறும் மிரட்டல் அல்ல. சமண ஆசாரியர் உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம், ஏழாம் அத்தியாயத்தில், ஹிம்சைக்கு இலக்கணம் சொல்கிறது: விழிப்பில்லாத மனத்தோடு செய்யும் செயலால் ஓர் உயிரின் உயிர்ப்பைப் பிரிப்பது. இரண்டு நிபந்தனைகள் இதில் இருக்கின்றன. செய்பவரின் உள்ளத்தில் விழிப்பின்மை இருக்க வேண்டும். வெளியே ஓர் உயிர் போக வேண்டும். மாவுக் கோழியில் இரண்டாவது இல்லை. அப்படியானால் ஹிம்சையும் இல்லைதானே? பிற்காலத்து ஆசாரியர் அம்ருதசந்திரர் இந்தப் பேரத்துக்கான வழியை அடைத்துவிட்டார். ஆசையோ வெறுப்போ தலைக்கேறியவன் முதலில் தன்னையே ஹிம்சித்துக்கொள்கிறான். எதிரே இருப்பது சாகிறதா பிழைக்கிறதா என்பது அதற்கு அடுத்த விஷயம் என்றார். போகும் உயிர் என்ற நிபந்தனையை அவர் எடுத்துவிடவில்லை. அந்த உயிரைச் செய்பவனுக்குள்ளேயே கண்டுபிடித்துக் கொடுத்தார்.

இந்தத் தராசில் வோல்கோவ் தூண்டில்காரரை நிறுத்தினால்? சட்டென்று 'அவரும் யசோதரனே' என்று சொல்லிவிடலாம். அது அவசரத் தீர்ப்பு. மன்னன் மாவை மாவு என்று நினைத்து வெட்டவில்லை. கோழிக்குப் பதிலாக வெட்டினான். உயிர்ப்பலிக்கு என்ன பலனோ அதே பலன் தனக்கு வேண்டும், உயிர்ப்பலியின் பழி மட்டும் வேண்டாம் என்று கேட்டான். அவன் செய்த தவறு விளையாட்டு அல்ல, பேரம். திரையில் சிக் மீனைத் தேடுகிறவர் எந்த மீனுக்கும் பதிலாக அதைப் பிடிக்கவில்லை; எந்தத் தேவியிடமும் வரம் கேட்கவில்லை. மீன் எங்கே நிற்கும், எதை மோந்து பார்க்கும், எதை விட்டு விலகும் என்று யோசிக்கிறார். யசோதரன் வாளை ஓங்கிய கணத்தில் கோழியைப் பற்றி யோசித்திருக்க வாய்ப்பில்லை.

ஆனாலும் அவர் யோசிப்பது ஏமாற்றுவதற்குத்தானே என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. அதிலும் இரைக்கும் பொய் இரைக்கும் வித்தியாசம் உண்டு. முள்ளில் கோர்த்த புழு பாதி உண்மை. உணவு உணவுதான், அதற்குள் ஒளிந்திருப்பதுதான் பொய். ஸ்பின்னர் முழுப் பொய். தின்ன அதில் ஒன்றுமே இல்லை, மினுக்கும் தகடு மட்டும். சிக் போன்ற மென்வாய் மீனுக்குப் பெரும்பாலும் முதலாவது பொருந்தும். ஆனாலும் சின்னத் தகட்டைத் துரத்தி வரும் சிக்கும் உண்டு.

இந்த ஏமாற்றைப் பற்றி ஆழமாக யோசித்த புனிதர்கள் உண்டு. அவர்களை வணங்குகிறவர்கள் லடோகா ஏரியிலேயே வாழ்கிறார்கள். வோல்கோவ் போய்க் கலக்கும் அந்த ஏரியின் வட பகுதியில் வலாம் தீவும் அதன் ஆர்த்தடாக்ஸ் மடமும் இருக்கின்றன. 1940இல் துறவிகள் பின்லாந்துக்குள் இடம்பெயர்ந்து ஹெய்னாவெசியில் புதிய வலாமை நிறுவினார்கள். பழைய மடம் 1989இல் மறுபடி உயிர்பெற்றது. இறைச்சி தொடாத துறவிகளுக்கு மீன் விலக்கல்ல. பெரிய நோன்புக் காலத்தில் மட்டும் மங்கள வார்த்தைத் திருநாளும் குருத்தோலை ஞாயிறும்தான் மீனுக்கு உரிய நாட்கள்.

அந்த மரபு புனிதராகப் போற்றும் நிசாவின் கிரகோரி, நான்காம் நூற்றாண்டில் இன்றைய துருக்கிப் பகுதியில் ஆயராக இருந்தவர். கடவுளையே தூண்டில்காரராக்கிப் பேசத் துணிந்தவர். மனிதரைப் பிடித்து வைத்திருந்த சாத்தான் பேராசைக்கார மீன். கிறிஸ்துவின் மனித உடல் இரை. அதற்குள் மறைந்திருந்த தெய்வத்தன்மை முள். இரையை விழுங்கிய சாத்தான் முள்ளையும் விழுங்கினான். கேட்டவர்கள் முகம் சுளித்திருப்பார்கள் போல; கடவுள் ஏமாற்றலாமா என்ற கேள்வியைக் கிரகோரியே எழுப்பிப் பதிலும் சொல்கிறார். சோற்றில் மருந்தைக் கலப்பதும் நஞ்சைக் கலப்பதும் கையளவில் ஒரே செயல். ஒருவர் குணப்படுத்தக் கலக்கிறார், மற்றவர் கொல்லக் கலக்கிறார். நோக்கத்தைப் பார்த்துச் சொல்லுங்கள் என்கிறார். இந்த ஏமாற்றில் ஏமாற்றுக்காரனான சாத்தானுக்கும் கடைசியில் நன்மையே விளையும் என்றுகூட நம்பினார்.

அவருடைய நண்பரும் அதே பெயர்க்காரருமான நாசியான்சின் கிரகோரிக்கு, மனிதரை மீட்கச் சாத்தானுக்குப் பிணைப்பணம் கொடுக்கும் எண்ணமே அருவருப்பாக இருந்தது. 11ஆம் நூற்றாண்டின் கடைசியில் இறையியலாளர் ஆன்செல்ம், மனிதர்மேல் சாத்தானுக்கு எந்த உரிமையும் இல்லை என்று நிறுவி, இரைக்கும் முள்ளுக்கும் இருந்த தேவையையே நீக்கினார். ஆனாலும் படம் மறையவில்லை. 12ஆம் நூற்றாண்டில் அல்சாஸ் பகுதியின் ஹோஹன்புர்க் மடத் தலைவி ஹெராட் தொகுத்த 'இன்பத் தோட்டம்' என்ற சுவடியில், கடவுள் தூண்டில் பிடித்து நிற்கும் சித்திரம் இருந்தது. கிறிஸ்துவின் முன்னோர் வரிசை தூண்டில் நரம்பு, சிலுவை முள், கடித்திருப்பது யோபு நூலில் வரும் கடல் மிருகம் லிவியாத்தான். மூலச் சுவடி 1870இல் ஸ்திராஸ்பூர்க் முற்றுகையில் எரிந்துபோனது. பிரதியெடுத்து வைத்திருந்தவர்களால் படம் தப்பியது.

கிரகோரியின் மருத்துவர் உவமை சாமர்த்தியமானதுதான். ஆனால் அது சொல்வதற்கு மேல் ஒன்றையும் காட்டிக்கொடுக்கிறது. மருத்துவரும் நஞ்சு வைப்பவரும் ஒரே கல்வியைக் கற்றவர்கள்: எதிரே இருப்பவருக்கு என்ன பிடிக்கும், எதை நம்பி வாயில் வைப்பார் என்ற கல்வி. இரை தேர்வதும் அதுவே. அந்தக் கல்வியில் தானாகப் பாவமும் இல்லை, புண்ணியமும் இல்லை. இன்னொரு உயிரின் பசியை அதன் பக்கத்தில் நின்று பார்க்கப் பழகுவது அது. அதை ஏமாற்றப்பட யாருமில்லாத ஓர் ஆற்றில் பழக முடிகிறது என்றால், விளையாட்டின்மேல் குறை சொல்வதைவிட நன்றி சொல்வதே பொருத்தம்.

விளையாடுகிறவரே மீன், விளையாட்டே இரை என்று முடிப்பவர்கள் இங்கே குறுக்கிடுவார்கள். அவர்களுக்குச் சான்று இல்லாமல் இல்லை. சூதில் வரும் வெற்றி, மீன் தூண்டில் இரும்பை விழுங்கியதற்குச் சமம் என்பது வள்ளுவர் சூது அதிகாரத்தைத் தொடங்கும் உவமை. லாபத்தையும் புகழையும் தீமையின் உருவான மாரன் வீசும் தூண்டிலாகப் பௌத்தத்தின் சம்யுத்த நிகாயம் காட்டுகிறது. எந்த வீச்சில் பெரிய மீன் வரும் என்று தெரியாமல் வைத்திருப்பதில்தான் இந்த விளையாட்டின் பிடியும் இருக்கிறது. அதைச் செய்தவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். இருந்தாலும் இந்த முடிவு கொஞ்சம் மலிவானது. முள் குத்திய மீனுக்குக் கணினியை அணைத்துவிட்டு எழுந்து போக வழியில்லை.

உண்மையான ஹிம்சை எங்கே நடந்தது என்று பார்க்க வேண்டுமானால் திரைக்கு வெளியே இருக்கும் அதே ஆற்றுக்குப் போக வேண்டும். வோல்கோவ் இல்மென் ஏரியில் புறப்பட்டு 224 கிலோமீட்டர் ஓடி லடோகாவில் சேர்கிறது. லடோகாவில் வளர்ந்த வோல்கோவ் சிக், முட்டையிட இதே ஆற்றில் எதிர்நீச்சல் போட்டு, இல்மெனையும் கடந்து ம்ஸ்தா ஆறு வரை போய்வந்தது. 1926 டிசம்பரில் ஆற்றின் கீழ்ப்பகுதியில் வோல்கோவ் நீர்மின் நிலையம் திறக்கப்பட்டது. பொறியாளர் கிராஃப்தியோவின் தலைமையில் கட்டப்பட்ட, சோவியத் நாட்டின் முதல் பெரிய நீர்மின் நிலையம். லெனின்கிராடுக்கு வெளிச்சம் வந்தது. மீன் ஏற வழியும் ஒன்று கட்டியிருந்தார்கள். வழி இருந்தது; சிக் அதில் ஏறிப் பழைய முட்டைத் தலங்களைச் சேரவில்லை.

அந்த அணையைக் கட்டியவர்கள் யாருக்கும் சிக் மீன்மேல் பகை இல்லை. வாளை ஓங்கியவர் யாருமில்லை, இரையில் முள்ளை ஒளித்தவர் யாருமில்லை. நோக்கத்தை மட்டும் நிறுக்கும் கிரகோரியின் தராசில் இந்தச் செயல் ஏறக்குறைய எடையே காட்டாது. விளக்கு ஏற்றுவதைவிட நல்ல நோக்கம் உண்டா? உமாஸ்வாதியின் இலக்கணம் மட்டும்தான் இங்கேயும் வேலை செய்கிறது. ஹிம்சையின் முதல் நிபந்தனையாக அவர் வைத்தது வெறுப்பையோ கொலைவெறியையோ அல்ல, விழிப்பின்மையை. மாவுக் கோழியில் உயிர் போகாமல் வினை வந்தது. வோல்கோவில் கெட்ட எண்ணமே இல்லாமல் ஒரு மீனினத்தின் வழி அடைபட்டது. இரண்டுக்கும் பொதுவாக இருப்பது ஒன்றுதான்: எதிரே இருந்ததை, அதன் பக்கத்தில் நின்று, யாரும் கவனிக்கவில்லை.

இப்படிப் பார்த்தால் விளையாட்டுக்காரர்களில் இரண்டு ரகத்துக்கும் வேறு வேறு தீர்ப்பு. மீனின் வாயையும் செவுளையும் பசியையும் தெரிந்துகொண்டு சின்ன முள்ளில் சிவப்புப் புழுவைக் கோர்ப்பவர் விழிப்பைப் பழகுகிறார்; அவர்மேல் ஒரு வினையும் ஒட்டாது. அடுத்தவர் சொன்ன அளவுகளைத் தட்டிவிட்டு, வந்த மீனின் பெயரைக்கூடப் பார்க்காமல் காசாக்குகிறவருக்கும் நரகம் ஒன்றும் காத்திருக்கவில்லை. ஆனால் அவர் பழகுவது அணை கட்டியவர்களின் பழக்கம்.

வோல்கோவ் சிக் ரஷ்யாவின் அருகிவரும் உயிரினங்களுக்கான செம்புத்தகத்தில் இடம்பெற்ற மீன். அணைக்குக் கீழே பிடிக்கும் தாய்மீன்களிடம் சினை எடுத்து, பொரிப்பகத்தில் குஞ்சு வளர்த்து ஆற்றில் விடுகிறார்கள். விளையாட்டில் அதைப் பிடித்துச் சந்தையில் விற்கலாம். நிஜ வோல்கோவில் உங்கள் தூண்டிலில் அது சிக்கினால், முள்ளை மெதுவாகக் கழற்றி ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும்.